எந்தத் துப்பாக்கியால்? காட்டுப்பன்றி விவகாரத்தில் டெல்லி கேட்க மறந்த கேள்வி

சுடலாமா, கூடாதா என்று பத்தாண்டுகளாக வாதம் நடக்கிறது. எதைக் கொண்டு, எத்தனை தொலைவிலிருந்து சுடுவது என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

நிலக்கடலைக் கொல்லையில் ஒரு பன்றிக் கூட்டம் இறங்கினால், விடிவதற்குள் அந்த வயலில் அறுக்க ஒன்றும் மிஞ்சாது. மரவள்ளி, மக்காச்சோளம், கரும்பு, வாழை என எதையும் அது விடுவதில்லை. தின்பது கொஞ்சம், கிளறியும் மிதித்தும் அழிப்பது அதிகம். மலையடிவாரங்கள் முழுக்க, தருமபுரியிலிருந்து தென்காசி வரை, இரவுக் காவல் இல்லாமல் வெள்ளாமை வீடு வந்து சேர்வது அரிதாகிவிட்டது.

இந்தத் துயரத்துக்கு ஒரு நிர்வாகப் பாதை உண்டு. விவசாயியின் மனு வனச்சரக அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து மாநிலத் தலைநகருக்குப் போகும். மாநிலம் கைவிரித்தால் டெல்லி ஜோர் பாக்கில் இருக்கும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இந்திரா பர்யாவரண் பவனுக்குப் போகும். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. பிரிவு 11-ன்படி, பயிருக்கோ உயிருக்கோ ஆபத்தாகிவிட்ட விலங்கைக் கொல்ல மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்துபூர்வமாக அனுமதிக்கலாம். பிரிவு 62-ன்படி, ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்கு, தீங்கு விளைவிக்கும் உயிரினமாக மத்திய அரசு அறிவிக்கலாம்.

இரண்டாவது கதவு சிலமுறை திறந்தது. 2015 டிசம்பரில் பீகாரில் நீலமானுக்கும் காட்டுப்பன்றிக்கும், 2016 பிப்ரவரியில் உத்தராகண்டில் காட்டுப்பன்றிக்கும், அதே ஆண்டு இமாச்சலப் பிரதேசத்தில் குரங்குக்கும் அந்த அறிவிப்பு வந்தது. 2016 ஜூனில் பீகாரின் மொகாமாவில் ஹைதராபாத்திலிருந்து வந்த சுடுநர்கள் சில நாட்களில் இருநூறுக்கும் மேற்பட்ட நீலமான்களைச் சுட்டார்கள். மத்திய அமைச்சர் மேனகா காந்தி, சக அமைச்சர் பிரகாஷ் ஜவடேகரின் துறையை வெளிப்படையாகவே கண்டித்தார். அறிவிப்புகளுக்குத் தடை கேட்டவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. கேரளம் காட்டுப்பன்றிக்கு அதே அறிவிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டும் டெல்லி இசையவில்லை. 2022-ல் கேரளம் பிரிவு 11-ஐப் பயன்படுத்தி, சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் தன் வழியை அறிவித்தது: காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்று கிலோமீட்டரைத் தாண்டினால் வனத்துறையினரே சுடலாம்.

இத்தனை வாதங்களும் ‘சுடலாமா’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றியவை. சுடுவது என்று முடிவான பிறகு எதைக் கொண்டு சுடுவது என்பது, கடைசியில் துப்பாக்கி பிடிப்பவரின் கையிருப்பைப் பொறுத்ததாகிவிட்டது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. பன்றி சில நொடிகளில் சாகுமா, இரண்டு நாள் புதரில் கிடந்து சாகுமா, பக்கத்துத் தோட்டத்து மனிதர் மீது குண்டு படுமா என்பதெல்லாம் இதற்கான விடையில்தான் இருக்கிறது.

கலகத்துக்கு அஞ்சிய அரசு தேர்ந்த விட்டம்

இந்தியாவில் ஒரு குடிமகன் வாங்கக்கூடிய ரைஃபிளின் விட்டத்தை அரசியல்தான் தீர்மானித்தது. அந்த வரலாறு நூறாண்டுகளுக்கு மேல் பழையது.

டெல்லிக்கு வடகிழக்கே, மீரட்டை ஒட்டிய கங்கைப் படுகையில் பிரிட்டிஷ் அதிகாரிகள் குதிரை மேலிருந்து ஈட்டியால் பன்றி குத்தும் காதிர் கோப்பைப் போட்டியை நடத்தினார்கள். சாரணர் இயக்கத்தைப் பின்னாளில் தொடங்கிய பேடன் பவல் 1883-ல் அதை வென்றவர். குதிரை ஓடக்கூடிய சமவெளியில் பன்றியைத் துப்பாக்கியால் சுடுவதை அவர்கள் இழுக்காக நினைத்தார்கள். பயிர் இழந்த குடியானவனின் கணக்கு அந்த விளையாட்டில் எங்கும் சேரவில்லை.

துப்பாக்கி விஷயத்தில் ஆட்சியாளர்களின் கவலை வேறாக இருந்தது. படையின் தோட்டா கலகக்காரர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதே அது. பழைய மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்களுக்குப் பயன்பட்டுவிடும் என்று அஞ்சி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 விட்டத் தோட்டாக்கள் இந்தியாவுக்குள் வருவதைத் தடுத்தார்கள். அதனால்தான் பிரிட்டிஷ் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் .470, .465 போன்ற புதிய விட்டங்களை உருவாக்கினார்கள். படையின் .303 குண்டும் குடிமக்களுக்கு மறுக்கப்பட்டது. அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் .315. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் மான்லிக்கர் ரைஃபிளுக்காகப் பிறந்த எட்டு மில்லிமீட்டர் தோட்டா அது. பிர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் லீ வகை ரைஃபிள்களை அந்த விட்டத்தில் செய்து இந்தியச் சந்தைக்கு அனுப்பியது.

நாடு விடுதலை பெற்றது; ஆனால் அந்தப் பிரிவினை தொடர்ந்தது. இன்றும் படையின் குண்டை ஏற்கும் .303, 7.62 மி.மீ., 5.56 மி.மீ. ஆகியவை ‘தடை செய்யப்பட்ட போர்’ (போர் என்பது இங்கே குழலின் விட்டம்) என்ற பட்டியலில் இருக்கின்றன. தானாக அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களும் அப்படியே. குடிமகனுக்கு மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை செய்யும் .315-ம் .30-06-ம் உண்டு. 1980-களின் நடுவில் தனியார் இறக்குமதி ஏறக்குறைய அடைபட்டுப் போனதால், பழைய மவுசர், ரிக்பி, வின்செஸ்டர் ரைஃபிள்கள் கைமாறிக் கைமாறி விலையேறிக்கொண்டிருக்கின்றன. டெக்சாஸில் பன்றி சுட நினைப்பவர் கடைக்குப் போய் இருபது விட்டங்களுக்கு நடுவே தேர்வு செய்வார். நம் நாட்டில் உரிமத்தாள் அனுமதிப்பதற்குள்தான் தேர்வு.

சட்டம் உழவன் கையில் கொடுத்தது

இதைவிடக் கவலைக்குரிய ஒன்று 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டத்திலேயே இருக்கிறது. அதன் 13-வது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் கேட்பவருக்கு முதலில் குறிப்பிடுவது, குழலின் வாய் வழியே மருந்தும் குண்டும் திணித்துச் சுடும் துப்பாக்கியை. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரிக்குப் பட்டால், வேறு வழுவழுப்புக் குழல் துப்பாக்கியைத் தரலாம். அதாவது நடைமுறையில் 12 போர். அந்த உட்பிரிவில் ரைஃபிள் வருவது துப்பாக்கிச் சங்க உறுப்பினர்களின் இலக்குப் பயிற்சிக்காக மட்டுமே. விவசாயி ரைஃபிள் கேட்டால், தனியாகக் காரணம் காட்டி அதிகாரியை ஏற்க வைக்க வேண்டும்.

இதன் பொருளைக் கவனிக்க வேண்டும். கொல்லும் வேலைக்கு எந்தக் கருவி மிகக் குறைவாகப் பொருந்துமோ, அதைத்தான் அந்த வேலைக்கென்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. 1959-ல் அதற்கு நியாயம் இருந்திருக்கும். அந்தத் துப்பாக்கியின் வேலை பெரும்பாலும் ஓசையெழுப்பி விரட்டுவது. காட்டுவிலங்கு வேட்டையும் அப்போது உரிமம் பெற்று நடந்தது. பிறகு 1972-ம் ஆண்டின் சட்டமும் 1991-ன் திருத்தமும் வேட்டையை மூடின. 2022-ன் திருத்தம் அட்டவணைகளைச் சுருக்கியபோது, மூன்றாம் அட்டவணையில் இருந்த காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணைக்கு வந்தது. வன உயிரினச் சட்டம் இவ்வளவு மாறியும், பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி குறித்த வரி பழைய இடத்திலேயே நிற்கிறது.

பன்றியின் உடம்பு கேட்பது என்ன

வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோவைத் தாண்டும். அதன் தோளிலும் விலாவிலும் தோலுக்கு அடியில் கெட்டியான குருத்தெலும்புத் திசு ஒரு கேடயமாகப் படிந்திருக்கும். ஆண்கள் கோரைப்பல்லால் மோதிக்கொள்ளும்போது அதுதான் அவற்றைக் காக்கிறது. சேறு காய்ந்த முரட்டு மயிரும் கொழுப்பும் சேர்ந்து, மெலிந்த குண்டுகளை உள்ளே போகவிடாமல் தடுக்கும். போனாலும் காயத்தின் வாயை அடைத்து, மண்ணில் ரத்தத் தடம் விழாமல் செய்துவிடும். அடிபட்ட பன்றியைத் தேடிப் போகிறவருக்குத் தடமே கிடைக்காது.

உடற்கூறு இன்னொரு வகையிலும் ஏமாற்றும். முதுகின் மேல் சிலிர்த்து நிற்கும் பிடரிமயிரும் உயர்ந்த தோளும் உடம்பை உள்ளதைவிட உயரமாகக் காட்டும். இதயமும் நுரையீரலும் நாம் நினைப்பதைவிடக் கீழே, முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கின்றன. உடம்பின் நடுவைக் குறிவைப்பவரின் குண்டு இரைப்பையில் பாயும். பன்றி ஓடிப்போய்ப் பல மணி நேரம் கழித்துச் சாகும். சற்று மேலே பட்டால் முதுகெலும்பின் மேல்முள்ளில் உரசி விலங்கைச் சாய்த்துவிடும். விழுந்துவிட்டது என்று அருகில் போகிற நேரத்தில் அது எழுந்து ஓடும், அல்லது பாயும். காயப்பட்ட ஒற்றைப் பன்றியைப் போல் ஆபத்தானது நம் வயல்வெளியில் வேறொன்றும் இல்லை.

ஆகவே தேவை மூன்று. எலும்பையும் கேடயத்தையும் உடைத்து உள்ளே போகும் கனம். உள்ளே போனதும் விரிந்து பெரிய காயம் உண்டாக்கும் குண்டு. நெஞ்சின் கீழ்ப்பகுதியில் ஒரு சாணகல வட்டத்தில் தவறாமல் வைக்கும் குறி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண்.

எது போதும், எது போதாது

இதற்கு ஓர் அளவுகோல் தேடினால், காட்டுப்பன்றிகளை ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சுடும் ஜெர்மனியைப் பார்க்கலாம். அந்நாட்டின் கூட்டாட்சி வேட்டைச் சட்டம் 19-வது பிரிவில் நேராகவே சொல்கிறது: காட்டுப்பன்றிக்குக் குண்டின் விட்டம் 6.5 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. நூறு மீட்டர் தொலைவில் அதன் ஆற்றல் 2,000 ஜூலுக்குக் குறையக் கூடாது. அதே பிரிவு, சிதறும் ரவைகளால் பன்றியைச் சுடுவதையும் தடை செய்கிறது. சாகும் விலங்கு வதைபடக் கூடாது என்பது அங்கே நல்லெண்ணமாக நிற்கவில்லை, அளந்து எழுதிய விதியாக நிற்கிறது.

அந்த அளவுகோலை நம் கைவசம் உள்ளவற்றின் மேல் வைத்துப் பார்க்கலாம்.

.22 ரைஃபிள்: இலக்குப் பயிற்சிக்கான கருவி. இரண்டரை கிராம் எடையுள்ள குண்டு, குழலை விட்டுப் புறப்படும்போதே ஏறத்தாழ 150 ஜூல்தான். ஓசை குறைவு என்பதற்காகத் திருட்டு வேட்டைக்காரர்கள் இதைத் தேடுகிறார்கள். பன்றி மேல் இதைப் பயன்படுத்துவது வதையன்றி வேறில்லை.

வாய்வழி மருந்து திணிக்கும் துப்பாக்கி: உருண்டைக் குண்டோ, கிடைத்த இரும்புத் துண்டோ போட்டுச் சுடுவது. ஒருமுறைதான் சுடலாம். மருந்தின் அளவும் கையின் அளவு. காயம் நிச்சயம், மரணம் நிச்சயமில்லை.

12 போர்: நம் கிராமங்களில் உரிமத்தோடு இருக்கும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இவைதான். எல்.ஜி., எஸ்.ஜி. எனப்படும் பெரிய ரவைத் தோட்டாக்கள் இருபத்தைந்து, முப்பது மீட்டருக்குள் பக்கவாட்டில் பட்டால் வேலை செய்யும். அதைத் தாண்டினால் ரவைகள் பிரிந்து, ஒன்றிரண்டு மட்டும் உடம்பில் புகும். பக்கத்தில் நிற்கும் தாய்ப்பன்றிக்கும் குட்டிகளுக்கும் அதே தோட்டாவின் மற்ற ரவைகள் போகும். ஒற்றைக் குண்டுத் தோட்டா இதைவிட மேல். ஆனால் குறிமுனை மட்டும் உள்ள பழைய இரட்டைக் குழலில் ஐம்பது மீட்டருக்கு அப்பால் அதை நம்ப முடியாது.

.315: நமக்குக் கிடைத்த எளிய விடை. சுமார் 15.8 கிராம் எடையுள்ள, மூக்கு மழுங்கிய குண்டு. நொடிக்கு 600 மீட்டரை ஒட்டிய வேகம். வேகம் குறைவு, கனம் அதிகம். ஐம்பது, அறுபது மீட்டரில் பன்றியின் தோளை உடைத்து உள்ளே போக இது தாராளமாகப் போதும். அதன் குறை தொலைவில் தெரியும். நூற்றைம்பது மீட்டரில் குண்டு கணிசமாகக் கீழிறங்கிவிடும். ஆனால் வயலில், இரவில், அத்தனை தொலைவில் சுடவே கூடாது.

.30-06: 1906-ல் அமெரிக்கப் படைக்காக வந்த தோட்டா, இன்று உலகெங்கும் பன்றி வேட்டையின் நம்பகமான விட்டங்களில் ஒன்று. பதினொன்றரை கிராம் குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் போகும். புறப்படும் ஆற்றல் ஏறத்தாழ 3,900 ஜூல். ஜெர்மானிய விதியை எளிதாகக் கடக்கும். அரசுக் குழுக்களுக்குப் புதிதாக ரைஃபிள் வாங்குவதானால் முதல் இடம் இதற்குத்தான்.

அமெரிக்காவில் பன்றிக்குப் பலர் .223 வைத்திருக்கிறார்கள். மூன்றரை கிராம் சிறு குண்டு, வேகம் மிக அதிகம், அடுத்தடுத்துச் சுடலாம். ஜெர்மனியில் அதற்கு அனுமதி இல்லை. இந்தியாவில் அது படையின் விட்டம். நமக்கு அதனால் இழப்பு ஒன்றும் இல்லை. வேகத்தால் கனத்தை ஈடுசெய்யும் முயற்சி, கேடயம் தாங்கிய ஆண் பன்றியிடம் தோற்றுப்போகலாம்.

விட்டத்தைவிட முக்கியமானது குண்டின் கட்டுமானம். முனையில் ஈயம் வெளித்தெரியும் மென்முனைக் குண்டு உள்ளே போனதும் விரிந்து தன் ஆற்றலை அங்கேயே செலவிடும். முழுக்கச் செம்பு உறை போட்ட படைக்குண்டு விரியாமல் ஊடுருவி மறுபக்கம் வெளியேறும். விலங்கு துளைபட்டு ஓடும், குண்டு தன் வழியில் மேலும் போகும். அரசுக் கிடங்கில் இருப்பதை எடுத்துக்கொண்டு கிளம்பும் எந்தக் குழுவும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஈயத்தையும் மறக்கக் கூடாது. சுட்ட உடலைத் திறந்த வெளியில் விட்டால், அதில் சிதறிய ஈயத் துணுக்குகள் கழுகுக்கும் வல்லூறுக்கும் நஞ்சாகும். புதைப்பது கட்டாயம்.

குண்டு எங்கே போய் நிற்கும்?

ரைஃபிள் குண்டு தவறினால் மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். டெக்சாஸின் பண்ணையில் அந்தத் தொலைவுக்குள் வீடே இல்லாமல் இருக்கலாம். நம் ஊரிலோ அதற்குள் மூன்று கிராமங்களும் ஒரு பேருந்துச் சாலையும் இருக்கும். கொல்லைக்குக் கொல்லை காவலுக்குப் படுத்திருக்கும் மனிதர்களும் இருப்பார்கள்.

இதற்குத் தீர்வு நம்மிடமே இருக்கிறது. தினைப்புனம் காத்த காலத்திலிருந்து நமக்குப் பழக்கமான பரண்தான் அது. உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால், பன்றியைத் துளைத்த குண்டும், தவறிய குண்டும் மண்ணில் புதையும். நான்கைந்து மீட்டர் உயரப் பரண், நாற்பது மீட்டருக்குள் இரை வைத்த இடம், துப்பாக்கியைத் தாங்க ஒரு கட்டை, நிற்கும் பன்றி மட்டுமே குறி. இந்த நான்கும் இருந்தால் .315-ம் போதும். ஜீப்பின் விளக்கொளியில் ஓடும் கூட்டத்தைச் சமதரையிலிருந்து சுடுவதென்றால் எந்த விட்டமும் பாதுகாப்பானதில்லை.

ஒழுங்கான வழி மூடியிருக்கும்போது

துப்பாக்கி வேண்டாம் என்பவர்களின் இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முறையான வழி மூடியிருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை அவர்கள் பார்க்க வேண்டும். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில், காட்டுப்பன்றிக்காக வைக்கப்பட்டதாக விசாரணையில் சொல்லப்பட்ட வெடிக்காயைக் கடித்த சினை யானை, வாய் சிதைந்து வெள்ளியாற்று நீரில் நின்றபடியே செத்தது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே பயிர்க்காவலுக்குச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. வெடிக்காய், மின்கம்பி, சுருக்குக் கண்ணி ஆகிய மூன்றுக்கும் பன்றி எது, யானை எது, மனிதர் யார் என்று தெரியாது. பரண் மேல் அமர்ந்த பயிற்சி பெற்ற சுடுநருக்குத் தெரியும்.

ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்துவிடுங்கள் என்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சுடுவதால் மட்டும் பன்றி குறையாது. ஒரு பெண் பன்றி ஓர் ஈற்றில் நான்கு, ஆறு குட்டிகள் போடும். கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறி, வேறு ஊருக்குப் போய், மனித வாடைக்கும் வெளிச்சத்துக்கும் எச்சரிக்கையாகிவிடும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் தன் பாதுகாப்பு நிலங்களில் பன்றி வேட்டையை 2016-ல் தடை செய்தது இதனால்தான். முழுக் கூட்டத்தையும் பெரிய அடைப்புக்குள் பிடிப்பதற்கு வேட்டை தடையாகிறது என்பது அங்கே கண்ட பாடம். காட்டுக்குள் பன்றி புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரை என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். வேலி, அடைப்புப் பொறி, காலத்தில் வந்து சேரும் இழப்பீடு ஆகியவை முதல் வரிசை. இவற்றையெல்லாம் மீறி வயலுக்கே பழகிப்போன விலங்குக்குத்தான் துப்பாக்கி.

டெல்லி எழுத வேண்டியது

2025-ல் கேரளச் சட்டமன்றம் மத்தியச் சட்டத்துக்குத் தனித் திருத்த மசோதாவையே நிறைவேற்றியது. பந்து மறுபடியும் டெல்லியிடம் வந்திருக்கிறது. அறிவிப்பதா, மறுப்பதா என்ற பழைய வாதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்த முறை கொல்லும் முறைக்கான தரத்தையும் மத்திய அரசு எழுத வேண்டும்.

பிரிவு 11-ன் கீழோ 62-ன் கீழோ வரும் எந்த உத்தரவோடும் ஓர் இணைப்பு இருக்கட்டும். ரைஃபிள் மட்டும், குறைந்தபட்ச விட்டமும் ஆற்றலும், மென்முனைக் குண்டு மட்டும், பரணிலிருந்து மட்டும், அதிகபட்சத் தொலைவு இவ்வளவு, ரவைத் தோட்டா கூடாது. ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவில் இருக்கும் பயிர்ப் பாதுகாப்பு வரி இதற்கேற்ப மாறட்டும். தனித்தனி உழவர் கையில் துப்பாக்கி பெருகத் தேவையில்லை. வட்டாரத்துக்கு ஒரு பயிற்சி பெற்ற குழு போதும். அந்தக் குழுவில் சேர ஒரு சுடுதேர்வு வேண்டும்: ஐம்பது மீட்டரில் ஒரு சாண் வட்டத்துக்குள் அடுத்தடுத்து மூன்று குண்டு. தேர்வு பெறாதவருக்கு அனுமதி இல்லை, அவர் வனத்துறைச் சீருடை அணிந்தவராக இருந்தாலும்.

பயிற்சிக்கு இடமும் ஆட்களும் இல்லை என்று சொல்ல முடியாது. 1982 ஆசிய விளையாட்டுக்காகத் துக்ளகாபாத்தில் எழுந்த கர்ணி சிங் துப்பாக்கிச் சுடுதளம் டெல்லியிலேயே இருக்கிறது. தேசிய ரைஃபிள் சங்கத்தின் தலைமையகமும் டெல்லியில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கிச் சுடுதலில் மட்டும் மூன்று பதக்கம் பெற்ற நாடு இது. ஒரு பத்து மில்லிமீட்டர் வட்டத்தை நோக்கி இவ்வளவு பொறுமையாகப் பயிற்சி தரத் தெரிந்த நாட்டுக்கு, ஓர் உயிரின் நெஞ்சை நோக்கிச் சுடும் வனக்காவலருக்குப் பயிற்சி தர முடியாதா?

கடைசியாகக் கணக்கு. ஒவ்வொரு குண்டும் பதிவாக வேண்டும்: எந்த விட்டம், எத்தனை தொலைவு, பட்டதா, தவறியதா, காயத்தோடு தப்பியதா, ஆணா பெண்ணா, உடல் எங்கே புதைந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கணக்கு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். எத்தனை பன்றி செத்தது என்பதைவிட, எத்தனை பன்றி காயத்தோடு தப்பியது என்ற எண்தான் அந்தத் திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று காட்டும்.

உழவருக்கு அவர் வெள்ளாமை வேண்டும். அதற்காக ஓர் உயிரைக் கொல்ல அரசு அனுமதிக்கலாம். அந்த அனுமதியில் தவறில்லை என்பதே என் நிலை. ஆனால் கொல்ல அனுமதித்தவருக்கு, அந்தச் சாவு எத்தனை நொடியில் முடிய வேண்டும் என்று எழுதி வைக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. அந்தக் கடமையைத் துப்பாக்கி பிடித்தவர் தலையில் விட்டுவிட்டு டெல்லி ஒதுங்க முடியாது.